பிச்சை எடுத்த மேற்றிராணியார்

பஞ்சிம் நகரத்துக் கடைவீதியில் ஒரு கிழவர் பிச்சை எடுத்துக்கொண்டு போனார். நீண்ட அங்கி, வெண் தாடி, கையில் ஒரு பாத்திரம். ஒரு கடைக்காரருக்கு அன்றைக்கு என்ன கோபமோ, நீட்டிய பாத்திரத்தில் காறித் துப்பிவிட்டார். கிழவர் முகம் சுளிக்கவில்லை. "சரி, இதை நான் எனக்கென்று வைத்துக்கொள்கிறேன். என் ஏழைகளுக்கு ஏதாவது கொடுங்கள்" என்றாராம்.

இந்தக் கதையை வேறு இரண்டொரு மகான்களின் பேரிலும் நான் கேட்டிருக்கிறேன். கதை எழுதிப் பிழைக்கிறவன் ஆகையால், நல்ல கதை ஓர் ஊரில் தங்காது, கால் முளைத்து நடக்கும் என்பது எனக்குத் தெரியும். அது நடந்ததா இல்லையா என்று விசாரிக்க நான் புறப்படவில்லை. ஆனால் ஓர் ஊர் இப்படிப்பட்ட கதையை யார் பேரில் ஏற்றிச் சொல்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பணக்காரர் பேரிலோ அதிகாரி பேரிலோ அது ஒட்டாது. பஞ்சிம் அதை ஏற்றிச் சொன்னது அந்தோனியோ பிரான்சிஸ்கோ சேவியர் ஆல்வாரிஸ் என்பவர் பேரில்.

அவர் சாதாரணப் பரதேசி அல்லர். பத்திரிகாசிரியர், பள்ளிக்கூடம் நடத்தியவர், அதற்கெல்லாம் மேலாக அவர் ஒரு மேற்றிராணியார். பிஷப் என்று சொன்னால் எல்லோருக்கும் விளங்கும். கத்தோலிக்க பிஷப்தான், ஆனால் பாப்பரசரின் கீழ் இல்லாத பிஷப். கோவாவுக்கும் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் தலைவர் என்று பட்டம் பெற்றவர். அந்தப் பட்டம் பெற்றவர் கடைகடையாய் ஏறிப் பிச்சை எடுக்க நேர்ந்தது எப்படி? அதைச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

*

ஆல்வாரிஸ் 1836ம் வருஷம் கோவாவில் வெர்ணா என்ற ஊரில் பிறந்தார். அப்போது கோவா போர்த்துகல் ராஜாவின் ஆட்சியில் இருந்தது. ஆட்சி என்றால் நிலத்தின் மேல் மட்டுமல்ல. கீழ் நாடுகளில் வேதம் பரப்பும் செலவை ராஜா ஏற்றுக்கொள்ள வேண்டும். அதற்குப் பதிலாக மேற்றிராணியார்களை நியமனத்திற்குக் குறித்து அனுப்பும் உரிமை ராஜாவுக்கு உண்டு. இப்படி ஓர் ஏற்பாட்டைப் பழைய பாப்பரசர்கள் செய்து கொடுத்திருந்தார்கள். அதற்குப் 'பதுரவாதோ' என்று பெயர். நம் தெற்கத்திக் கத்தோலிக்க ஊர்களில் பாட்டன்மார் காலத்தில் இந்தச் சொல் எல்லோர் வாயிலும் அடிபட்டது.

போர்த்துகல் க்ஷீணித்த பிறகு ரோமாபுரி தானே குருமாரை அனுப்பத் தொடங்கியது. 1622ல் அதற்கென்று ஒரு சங்கமும் ஏற்படுத்தியது. விளைவு என்ன? ஒரே ஊரில் இரண்டு அதிகாரம். ராஜா உரிமைக்காரர் ஒரு பக்கம், ரோமாபுரி நேரடிக்காரர் ஒரு பக்கம். யார் கோயில், யார் சாவி, யார் பூசை என்று வழக்கு. பங்காளிச் சண்டை பார்த்தவர்களுக்கு இதை விவரிக்க வேண்டியதில்லை.

வெளியிலிருந்து பார்த்தால் இது ராஜாவுக்கும் பாப்பரசருக்கும் நடந்த அதிகாரப் போட்டி. உள்ளே இருந்த நோவு வேறு. ராஜா உரிமைப் பக்கம் பூசை வைத்தவர்களில் பெரும்பாலோர் கோவாவில் பிறந்த இந்தியக் குருமார். ரோமாபுரி அனுப்பியவர்களோ ஐரோப்பியர். ஒன்று போய் மற்றொன்று வந்தது என்றால், கறுத்த குருவை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் வெள்ளைக் குரு உட்கார்ந்தார் என்று அர்த்தம்.

இலங்கையில் இந்த நோவு இன்னும் அதிகம். டச்சுக்காரர் ஆட்சியில் கத்தோலிக்க வேதம் அங்கே தடை செய்யப்பட்டிருந்தது. குரு ஒருவரும் இல்லை. அந்தச் சமயத்தில் 1687ல், கூலிக்காரன் வேஷத்தில் இலங்கைக் கரை சேர்ந்தவர் ஜோசப் வாஸ் என்ற கோவாக் குரு. வீடு வீடாய்ப் பிச்சைக்காரனைப் போலப் போய், மறைந்து கிடந்த விசுவாசிகளைக் கண்டுபிடித்தார். அவருக்குப் பின்னால் ஒன்றரை நூற்றாண்டு காலம் இலங்கைக் கத்தோலிக்கரைக் காப்பாற்றியவர்கள் கோவாவிலிருந்து போன குருமார்தான். அந்த வாஸ் 2015ல் கொழும்பில் புனிதராகப் பட்டம் பெற்றார். அவர் பிறந்த சால்செட்டுப் பகுதியில்தான் வெர்ணாவும் இருக்கிறது.

1886ம் வருஷம் ஜூன் மாதம் பாப்பரசர் பதின்மூன்றாம் லியோவும் போர்த்துகலும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். அதன்படி இலங்கை முழுவதும் ராஜா உரிமையிலிருந்து விலகியது. ஊமையாய் இருந்த ஜனங்கள் வாய் திறந்தார்கள். கூட்டம் போட்டார்கள், தந்தி அடித்தார்கள், மனு எழுதினார்கள். கொழும்பில் இருந்த கோவா வைத்தியர் பெத்ரோ மனுவேல் லிஸ்போவா பிண்டோ இந்தக் கிளர்ச்சிக்கு முன்னால் நின்றார். மனுவுக்குப் பதில் இல்லை. அப்புறம் அவர்கள் யோசித்தார்கள்: பாப்பரசர் நம்மைக் கேளாமல் கைமாற்றிக் கொடுத்தால், பாப்பரசரைக் கேளாமல் நாம் கத்தோலிக்கராய் இருக்க முடியாதா?

*

முடியும் என்று அவர்களுக்குத் தோன்றியதற்குக் காரணம் ஒரு பழைய நம்பிக்கை. நம் மடங்களில் குரு பரம்பரை இருப்பது போலக் கிறிஸ்தவர்களிடமும் ஒரு பரம்பரை உண்டு. ஏசுவின் சீடர்கள் தலைமேல் கை வைத்து ஒருவரை மேற்றிராணியார் ஆக்கினார்கள். அவர் அடுத்தவர் தலையில் கை வைத்தார். அந்தக் கை வரிசை அறுபடாமல் வந்திருந்தால், கை வைக்கப்பட்டவர் மேற்றிராணியார்தான். அவர் வைக்கும் பூசை பூசைதான். அந்த வரிசை ரோமாபுரிக்கு மட்டும் சொந்தமல்ல. அந்தியோக்கியாவில் இருக்கிறது, அதன் கிளையாய் மலையாளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர்களிடம் இருக்கிறது.

அதனால் ஆல்வாரிஸ் கோட்டயத்துக்குப் போனார். 1889ம் வருஷம் ஜூலை 28ந் தேதி மலங்கரைச் சுரியானி மேற்றிராணியார்கள் அவர் தலையில் கை வைத்தார்கள். 'மார் யூலியஸ்' என்று பெயர் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் பருமலை கீவர்கீஸ் மார் கிரிகோரியோஸ். பிற்பாடு அவருடைய சபையார் அவரைப் புனிதராக அறிவித்தார்கள்.

பட்டம் வாங்கியது சுரியானிகளிடம். வழிபாடு மட்டும் பழைய லத்தீன் பூசையே. மாதாவை விடவில்லை, ஏழு தேவதிரவிய அனுமானங்களை விடவில்லை, அர்ச்சியசிஷ்டர்களை விடவில்லை. பாப்பரசர் தவறமாட்டார் என்று 1870ல் ரோமாபுரிச் சங்கம் விதித்த கோட்பாட்டையும், அவர் ஒருவருக்கே சகல அதிகாரமும் என்பதையும் ஏற்கவில்லை. தங்களைச் சுதந்திரக் கத்தோலிக்கர் என்று சொல்லிக்கொண்டார்கள். கொழும்பில் ஹல்ஸ்டார்ப் பகுதியிலிருந்த நல்மரண மாதா கோயில் அவர்களுக்குத் தலைக் கோயில்.

பிண்டோவைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. 1893ல் கொழும்பு அச்சுத் தொழிலாளர்கள் சம்பளம் சரியாகக் கிடைக்கவில்லை என்று வேலையை நிறுத்தினார்கள். இலங்கையின் முதல் வேலைநிறுத்தம் என்று சரித்திரக்காரர்கள் அதைச் சொல்கிறார்கள். அதையொட்டிப் பிறந்த அச்சுத் தொழிலாளர் சங்கத்திற்குத் தலைவராய் வந்தவர் இந்த வைத்தியர்தான். கோயில் சாவிக்காக நின்றவர் அச்சுக் கோக்கிறவனுடைய கூலிக்காகவும் நின்றார். இரண்டையும் அவர் வேறு வேறு காரியம் என்று நினைத்திருக்கமாட்டார் என்றே எனக்குப் படுகிறது.

*

1892ம் வருஷம் அந்த நல்மரண மாதா கோயிலுக்கு அமெரிக்காவிலிருந்து ஒருவர் கப்பலில் வந்து சேர்ந்தார். ஜோசப் ரெனே வில்லாத் என்று பெயர். பாரிஸில் பிறந்தவர், வயது முப்பத்தெட்டு. விஸ்கான்சின் மாகாணத்தில் குடியேறியிருந்த பெல்ஜியக் குடியானவர்களுக்குப் பூசை வைத்துக்கொண்டிருந்தார். ரோமாபுரியிலிருந்து பிரிந்த ஐரோப்பியப் பழைய கத்தோலிக்கர்களிடம் குருப்பட்டம் பெற்றவர். ஆனால் மேற்றிராணியார் பட்டத்தை அவர்கள் கொடுக்கவில்லை. உலகத்தின் மறுபக்கத்தில், இந்தியர் ஒருவர் அந்தப் பட்டம் வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு எழுதினார். அந்தியோக்கியப் பாத்திரியார்க்காவின் அனுமதி வந்தது. மே 29ந் தேதி ஆல்வாரிஸும், அவரோடு இரண்டு மலையாள மேற்றிராணியார்களும் வில்லாத்தின் தலைமேல் கை வைத்தார்கள்.

கொஞ்சம் நின்று இந்தக் காட்சியைப் பாருங்கள். அந்நாளில் வெள்ளைக்காரக் குருமார் கீழ் நாட்டுக்கு வந்து கறுத்தவர்களுக்குப் பட்டம் கொடுப்பதுதான் வழக்கம். இங்கே ஒரு பாரிஸ்காரர் கொழும்பில் முழந்தாள் படியிட்டிருக்கிறார். அவர் தலைமேல் மூன்று இந்தியர்களின் கைகள் இருக்கின்றன.

வில்லாத் ஊர் திரும்பிய பிறகு நடந்தது எல்லாம் மெச்சக்கூடியது என்று சொல்லமாட்டேன். கேட்டவர்க்கெல்லாம் பட்டம் கொடுத்தார் என்று அவர்மேல் பழி உண்டு. கடைசியில் 1925ல் ரோமாபுரியோடு சமாதானம் செய்துகொண்டு, வெர்சேல்ஸ் பக்கத்தில் ஒரு மடத்தில் ஒதுங்கி, 1929ல் காலமானார். ஆனால் அவர் கை வைத்த ஒரு தலையை மறக்க முடியாது. 1921ம் வருஷம் செப்டம்பர் 28ந் தேதி, சிக்காகோவில், ஜார்ஜ் அலெக்ஸாண்டர் மக்வயர் என்ற நீக்ரோக் குருவுக்கு அவர் மேற்றிராணியார் பட்டம் கொடுத்தார். மக்வயர் ஆன்டிகுவாத் தீவில் பிறந்தவர். மார்க்கஸ் கார்வியின் இயக்கத்தில் தலைமைக் குருவாய் இருந்தவர். வெள்ளையர் நடத்தும் சபைகளில் தம்மவர் என்றும் பின்பெஞ்சுதானா என்று கேட்டு, ஆப்பிரிக்க ஆர்த்தடாக்ஸ் சபையை ஆரம்பித்தார். அந்தச் சபை தென் ஆப்பிரிக்காவுக்கும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் பரவியது.

கோட்டயத்திலும் கொழும்பிலும் வைத்த கை அப்படியாகச் சிக்காகோ வழியே ஆப்பிரிக்காவுக்குப் போயிற்று. வெர்ணாவில் பிறந்த மனிதர் இதைக் கனவிலும் எண்ணியிருக்கமாட்டார்.

நம் திண்டுக்கல் பக்கமும் இம்மாதிரி ஒரு காரியம் நடந்தது. இது ஆல்வாரிஸின் வரிசை அல்ல, வேறு வரிசை. 1902ம் வருஷம் நவம்பரில் ஆக்ஸ்போர்டிலிருந்து வெர்னான் ஹெர்போர்டு என்ற ஆங்கிலேயர் அங்கே வந்து, மார் பசிலியோஸ் என்று பெயர் பெற்றிருந்த கோவாக் குரு சூவாரெஸின் கையால் மேற்றிராணியார் ஆனார். ஊர் திரும்பி, ஆக்ஸ்போர்டில் ஒரு சின்னக் கோயிலை வைத்துக்கொண்டு, யுத்தம் கூடாது, வாயில்லாப் பிராணிகளை வதைக்கக் கூடாது என்று பேசிக் காலம் கழித்தார்.

*

இனி கோவாவுக்குத் திரும்புவோம். ராஜாவின் உரிமைக்காகக் கிளர்ந்து, அதற்காகவே பாப்பரசரைப் பிரிந்த ஆல்வாரிஸை ராஜாவின் சர்க்கார் எப்படி நடத்தியது தெரியுமா? கைது செய்தது. மேற்றிராணியாரின் உடையையும் சின்னங்களையும் அணிகிறார் என்பது குற்றம். உடையைக் களைந்து, தெரு வழியே காவலுக்குக் கொண்டுபோனார்கள் என்று சொல்கிறார்கள். நியாயஸ்தலம் அவரை விடுவித்தது. அவர் நடத்திய பத்திரிகைகளும் சர்க்காருக்குப் பிடிக்கவில்லை. 'பிராதோ இந்தியானோ', அதாவது இந்தியனின் குரல், என்று ஒன்றுக்குப் பெயர். பெயரைப் பார்த்தாலே விளங்குமே.

இலங்கையில் அவருடைய சபையும் நாளடைவில் கரைந்தது. ஜனங்கள் ஒவ்வொரு குடும்பமாய்ப் பழைய சபைக்கே திரும்பினார்கள். அதைக் குற்றம் சொல்ல முடியாது. கல்யாணம் நடக்க வேண்டும், கல்லறையில் இடம் வேண்டும். தென் கன்னடத்தில் பிரம்மாவரத்தில் மட்டும் நொரோன்ஹா என்ற குருவின் பொறுப்பில் ஒரு கூட்டம் நிலைத்து நின்றது, இன்றும் இருக்கிறது.

ஆக, கோவாவில் மிஞ்சியது ஒரு மேற்றிராணியார். மேய்ப்பதற்கு மந்தை இல்லை. இந்த இடத்தில் வேறொருவராய் இருந்தால் கசந்து போயிருப்பார், அல்லது மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரும்பியிருப்பார். ஆல்வாரிஸ் இரண்டும் செய்யவில்லை. தாம் முன்பே தொடங்கிவைத்திருந்த ஒரு வேலையை எடுத்துக்கொண்டார்.

1871லேயே, ரோமாபுரிச் சபையின் குருவாய் இருந்தபோதே, தெருவில் அலையும் பிச்சைக்காரர்களுக்காகப் பஞ்சிமில் ஒரு தர்ம சங்கம் ஆரம்பித்திருந்தார். பிற்காலத்தில் அதுவே அவருக்கு முழு வாழ்க்கை ஆயிற்று. தம் வீட்டிலேயே அநாதைகளையும் குஷ்டரோகிகளையும் க்ஷயரோகிகளையும் வைத்துக்கொண்டார். யார் எந்த ஜாதி, எந்த மதம், யாருடைய பூசைக்குப் போகிறவன் என்று அந்த வாசலில் கேள்வி இல்லை. காலரா வந்து ஊர் செத்துக்கொண்டிருந்தபோது, அதற்கு என்ன வைத்தியம் செய்வது என்று ஒரு சிறு புஸ்தகம் எழுதி அச்சிட்டார். அரிசி போதாத நாட்டில் மரவள்ளிக் கிழங்கு பயிரிடுங்கள் என்று எழுதினார். பேதியையும் கிழங்கையும் பற்றி எழுத அந்தக் காலத்து மேற்றிராணியார் எத்தனை பேர் பேனா எடுத்திருப்பார்கள்?

வருமானம் கிடையாது. கையில் காசு தீர்ந்தால் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போவார். நான் முதலில் சொன்ன கதை அங்கே பிறந்தது.

1923ம் வருஷம் செப்டம்பர் 23ந் தேதி, வயிற்றுக் கடுப்பு நோயால், ரிபந்தர் ஆஸ்பத்திரியில் அவர் கண்ணை மூடினார். வயது எண்பத்தேழு. கடைசி நேரத்தில் கத்தோலிக்கக் குருவை அழைத்துச் சமாதானம் ஆகிவிடலாமே என்று சுற்றியிருந்தவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். அவர் இணங்கவில்லை.

பிறகு நடந்ததுதான் விசித்திரம். ஊர்ப் பிரமுகர்கள் கமிட்டி அமைத்தார்கள். முனிசிபல் மண்டபத்தில் உடலை வைத்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் வரிசையில் வந்தார்கள். ஏழைகளும் பிச்சைக்காரர்களும் அதிகம். அவரைக் காவலில் வைத்த அதே சர்க்காரின் கவர்னர் தம் பிரதிநிதியை அனுப்பி மரியாதை செய்தார். ஊர்வலம் சென்றது, பிரசங்கங்கள் நடந்தன. எல்லாம் முடிந்து, செயின்ட் இனெஸ் கல்லறைத் தோட்டத்தில் ஒதுக்குப்புறமான ஒரு மூலையில், ஒரு ஜெபமும் இல்லாமல் அடக்கம் செய்தார்கள். சபைக்கு வெளியே இறந்தவருக்கு மந்திரம் சொல்லச் சபைக் குரு வருவாரா?

நாலு வருஷம் கழித்து, அதே செப்டம்பர் 23ல், நண்பர்கள் எலும்புகளை எடுத்து ஒரு பெட்டியில் வைத்து, அதே தோட்டத்தில் மறுபடி புதைத்து, மேலே பெரிய சிலுவை ஒன்றை நாட்டினார்கள். 1967ல் மலங்கரைச் சபையார் தங்கள் பழைய மேற்றிராணியாரின் சமாதியைத் தேடி வந்தபோது அந்தச் சிலுவைதான் அடையாளம் காட்டியது. பிற்பாடு ரிபந்தரில் ஒரு கோயில் கட்டி அவருடைய எலும்புகளை அங்கே கொண்டுபோய் வைத்தார்கள்.

*

இன்றைக்கு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சுதந்திரக் கத்தோலிக்கர் என்று சின்னச் சின்னக் கூட்டங்கள் பல இருக்கின்றன. அவற்றில் துறவு வார்த்தைப்பாடு கொடுத்த சபைகளும் உண்டு. மடத்துச் சுவருக்குள் அடைந்திருப்பதில்லை. பகலில் ஆஸ்பத்திரியிலோ பள்ளிக்கூடத்திலோ ஏதோ ஒரு வேலை. மற்ற நேரத்தில் சாகக் கிடப்பவர் பக்கத்தில் உட்காருவது, சிறைச்சாலைக்குப் போய்ப் பார்ப்பது, வீடில்லாதவர்களுக்குச் சோறு போடுவது. ஞாயிற்றுக்கிழமை யார் வீட்டுக் கூடத்திலோ இரவல் மண்டபத்திலோ பூசை. பல கூட்டங்களில் பெண்களுக்கும் குருப்பட்டம் கொடுக்கிறார்கள். விவாகம் முறிந்தவர்க்கும், தம் பாலினத்தாரையே துணையாய்க் கொண்டவர்க்கும் நற்கருணையை மறுப்பதில்லை. 1946லேயே அட்லாண்டா நகரத்தில் ஜார்ஜ் ஹைட் என்பவர், அப்படி நற்கருணை மறுக்கப்பட்டவர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு சபை தொடங்கினார். ஸான் பிரான்ஸிஸ்கோவில் ஜான் கோல்ட்ரேன் என்ற சாக்ஸபோன் வித்வானைப் புனிதராகக் கொண்ட ஒரு கோயில் உண்டு. ஜாஸ் சங்கீதத்திலேயே ஆராதனை, ஏழைகளுக்கு அன்னதானம். மக்வயர் தொடங்கிய ஆப்பிரிக்க சபை 1982ல் அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது.

இந்தக் கூட்டங்களில் பல தங்கள் பரம்பரைப் பட்டியலை ஜாக்கிரதையாக எழுதி வைத்திருக்கின்றன. அவற்றில் அநேகம் வில்லாத் பெயரில் போய் முட்டும். அதற்கு ஒரு படி மேலே 'ஆல்வாரிஸ், கொழும்பு, 1892' என்று இருக்கும். எங்கள் பட்டம் செல்லும், கை வரிசை அறுபடவில்லை என்பதற்கு அது சாட்சி. அது செல்லும், செல்லாது என்று பண்டிதர்கள் நூறு வருஷத்துக்கு மேல் வாதாடிவிட்டார்கள். நான் அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லத் தகுதியுள்ளவன் அல்லன்.

ஆனால் ஒன்று சொல்லலாம். ஆல்வாரிஸின் கிளர்ச்சி ஒரு ராஜாவின் உரிமையைக் காப்பாற்ற என்று ஆரம்பித்தது. அந்த உரிமை போயிற்று. 1910ல் போர்த்துகலில் ராஜாவே போய்விட்டார். மிஞ்சியது என்ன என்று பார்த்தால், கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவன் கேட்கிற ஒரு கேள்விதான்: என்னை வேண்டாம் என்று சொல்ல நீ யார்? கோவாக் குரு அதைக் கேட்டார், கறுப்பர் கேட்டார், அட்லாண்டாவில் நற்கருணை மறுக்கப்பட்டவர் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு ஆல்வாரிஸ் கொழும்பில் ஒரு பதில் சொன்னார். அது கை வரிசை பற்றிய பதில். பஞ்சிமில் இன்னொரு பதில் சொன்னார். பட்டமும் மந்தையும் இல்லாத காலத்தில், யாரும் தொட அஞ்சிய குஷ்டரோகியைத் தம் வீட்டுக்குள் அழைத்து, அவனுக்காகப் பாத்திரம் ஏந்தினார். முதல் பதிலைப் பட்டியல்கள் ஞாபகம் வைத்திருக்கின்றன. அந்த முனிசிபல் மண்டபத்தில் வரிசையில் நின்ற பிச்சைக்காரர்கள் வந்தது இரண்டாவது பதிலுக்காக. அவர்களுக்குப் பட்டியலைப் பற்றி ஒன்றும் தெரியாது.